செகோவியாவை வரைந்து பார்க்கிறேன்

பழைய கட்டடங்களுக்கு எதிரே உட்கார்ந்து பேனாவில் வரைவது என் பொழுதுபோக்கு. இந்த முறை ஸ்பெயினின் செகோவியா. மத்ரிதிலிருந்து வேக ரயிலில் அரை மணி நேரம்தான். ஸ்டேஷன் ஊருக்கு வெளியே இருப்பதால் பஸ் பிடிக்க வேண்டும். இறங்கினால் எதிரிலேயே ரோமானியர்களின் தொட்டிப்பாலம்!

வரைகிறவர்கள் முதலில் இதோடு மல்லுக்கட்டுவது நல்லது. மேல் வரிசை வளைவுகள் கடைசிவரை ஏறக்குறைய ஒரே அளவு. நிலத்தின் ஏற்ற இறக்கத்தையெல்லாம் கீழ் வரிசைதான் ஏற்றுக்கொள்கிறது. அதனால் உச்சியில் தண்ணீர் ஓடிய வாய்க்காலை ஒரே கோடாக இழுத்துவிட்டு, மேல் வளைவுகளைப் போட்டு, தூண்களைத் தரைவரை இறக்கினேன். அசோகேஹோ சதுக்கத்தில் உயரம் சுமார் 28 மீட்டர். மேலே போகப் போகத் தூண்கள் படிப்படியாக ஒடுங்குகின்றன. அந்தப் படிகளைக் கவனித்து வரைந்தால் உயரம் தானாகத் தெரிகிறது.

கருங்கற்களுக்கு நடுவில் சாந்தே கிடையாது. ஒன்றின் எடை இன்னொன்றை அழுத்திப் பிடித்து நிற்கிறது. ஆகவே கல்லைச் சுற்றிக் கோடு போடாமல், இடுக்கில் விழும் நிழலை மட்டும் அழுத்தமாக வைத்தேன். கற்களில் சின்னச் சின்னக் குழிகள் இருக்கும். தூக்கி ஏற்றும்போது இடுக்கி கவ்வுவதற்காகச் செதுக்கியவை. அவற்றைப் புள்ளிகளாக வைத்ததும் தாளில் கல்லுக்கு ஒரு கனம் வந்துவிட்டது. எனக்கு இதுவரை கிடைத்ததில் பெரிய முன்னேற்றம் இதுதான்.

பேராலயம் இன்னும் கைக்கு வரவில்லை. 1525-இல் தொடங்கிய கட்டடம்; மறுமலர்ச்சிப் பாணி பரவிவந்த காலத்திலும் கோதிக் பாணியிலேயே எழுப்பினார்கள். அல்காசர் கோட்டைக்கு அருகிலிருந்த பழைய பேராலயம் 1520-21 கலகத்தில் சேதமடைந்தது. அதன் உள்முற்றத் தாழ்வாரத்தை மட்டும் கல் கல்லாகப் பிரித்துக் கொண்டுவந்து இங்கே கட்டியிருக்கிறார்கள். எவ்வளவு அக்கறை! வெளியே சிறு கோபுர முனைகள் காடாக நிற்கின்றன. எல்லாவற்றையும் வரைந்தால் தாள் நெரிசலாகிறது. நிழலைத் திரளாகப் போட்டு நாலைந்து முனைகளை மட்டும் தீட்டுவது பரவாயில்லை.

அல்காசர் கோட்டையை மலைமேல் இருந்து பார்க்காதீர்கள். எரெஸ்மா, கிளாமோரெஸ் ஆறுகள் கூடும் இடத்துக்கு இறங்குங்கள். பாறை நுனியில் கப்பலின் முன்முகம் போல எழுந்து நிற்கும். அதன் சாம்பல் நீலக் கூரைகள் 1862 தீ விபத்துக்குப் பிறகு புதுப்பித்தவை. அந்த நிறத்துக்கு நீர்வண்ணம் ஒரே பூச்சு போதும்.

என் மனம் தங்கிவிட்டது வேரா குரூஸ் தேவாலயத்தில்தான். 1208-இல் அர்ப்பணிக்கப்பட்ட, பன்னிரண்டு பக்கங்கள் கொண்ட சிறிய கட்டடம். ஊரை விட்டுத் தள்ளித் தனியாக இருக்கிறது. ஒவ்வொரு முகமும் வெயிலை ஒவ்வொரு விதமாக வாங்குவதால், குறுக்குக் கோடுகளின் நெருக்கத்தை முகத்துக்கு முகம் மாற்றினாலே வளைந்து திரும்பும் உருவம் கிடைத்துவிடுகிறது. பயிற்சிக்கு இதைவிட நல்ல கட்டடம் நான் பார்த்ததில்லை. உள்ளே நடுவில் இரண்டடுக்குச் சிற்றறை. அதைச் சுற்றி நடக்கலாம்.

அப்புறம், தெருச் சுவர்களையும் விட்டுவிடாதீர்கள். எஸ்கிராஃபியாதோ என்ற பூச்சுவேலை ஊர் முழுக்க இருக்கிறது. ஒரு சுண்ணாம்புப் பூச்சின் மேல் வேறு நிறத்தில் இன்னொன்று. மேல்பூச்சு ஈரமாக இருக்கும்போதே அச்சு வைத்துச் சுரண்டினால் அடிநிறம் கோலமாகத் தெரியும். வீட்டில் ஒரு பலகையில் சுண்ணாம்பும் மணலும் பூசிச் செய்து பார்த்தேன். நேர்க்கோடுகள் சுத்தமாக வருகின்றன, வட்டங்களின் ஓரம் உதிர்கிறது. மணலை இன்னும் சலித்து, மேல்பூச்சை மெலிதாக்கி அடுத்த பலகையைத் தொடங்கியிருக்கிறேன்.