மொட்டைமாடியில் படித்த பாய்மரப் பந்தய விதிகள்

காட்பாடியில் இருந்துகொண்டே பாய்மரப் படகுப் பந்தய விதிகளுக்கான எழுத்துத் தேர்வுக்குத் தயாராக முடியுமா என்று வேலூர்ப் பக்கத்து மாணவர்கள் சிலர் கேட்கிறார்கள். முடியும். ஹாங்சோ ஆசிய விளையாட்டில் வெண்கலம் வென்ற விஷ்ணு சரவணன் வேலூரைச் சேர்ந்தவர்தாம். படகோட்டப் பழகச் சென்னைக்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்றாலும், விதிகளைக் கற்க ஒரு மொட்டைமாடியும் சுண்ணக்கட்டியும் போதும்.

நான் தரையில் காற்றின் திசையை அம்புக்குறியாக வரைந்து, குடியாத்தம் தீப்பெட்டிகளைப் படகுகளாக வைத்து, அவற்றின் மேல் ஈர்க்குச்சியைப் பூம் கட்டையாக (பாயின் அடிவிளிம்பைத் தாங்கும் கட்டை) கிடத்திப் படித்தேன். காற்று வலப்பக்கமிருந்து வந்தால் அது ஸ்டார்போர்டு டேக், இடப்பக்கமிருந்து வந்தால் போர்ட் டேக். எதிரெதிர் டேக்கில் வரும்போது போர்ட் படகு விலக வேண்டும் என்பது 10ஆம் விதி. ஒரே டேக்கில், ஒன்று மற்றொன்றுக்கு முழுவதும் பின்னால் இல்லாமல் அக்கம்பக்கமாகச் செல்லும்போது காற்று வரும் பக்கத்துப் படகு விலக வேண்டும் என்பது 11. ஒரே டேக்கில் முழுவதும் பின்னால் வருவது விலக வேண்டும் என்பது 12. இம்மூன்றும் ஒரு வாரத்தில் கைவந்துவிடும்.

நீண்ட நேரம் தர வேண்டியது 14ஆம் விதிக்கு. வழியுரிமை உள்ள படகும், நியாயமாக இயலுமானால், மோதலைத் தவிர்க்கத்தான் வேண்டும். மற்றப் படகு விலகவில்லை என்பது தெளிவாகும் வரை காத்திருக்கலாம், அவ்வளவுதான். சேதமோ காயமோ இல்லாத உரசலுக்கு உரிமையுள்ள படகு பொறுப்பிலிருந்து விடுவிக்கப்படும். சேதம் நேர்ந்துவிட்டால் அந்த விடுவிப்பு இல்லை. இந்த வேறுபாட்டை விடைத்தாளில் விளக்காமல் 10ஆம் விதியோடு நிறுத்திக்கொள்வது போதாது என்பது என் உறுதியான கருத்து.

மோதல் ஏன் நேர்கிறது என்பதையும் தீப்பெட்டிகளே காட்டும். காற்றை எதிர்த்து ஏறும் ஸ்டார்போர்டு படகுக்குப் பாய் இடப்பக்கம் இருக்கும். போர்ட் படகு வருவதும் அந்தப் பக்கத்திலிருந்துதான். அதேபோல் போர்ட் படகின் பாய் அதன் வலப்பக்கத்தை மறைத்துவிடுவதால், இருவருமே ஒருவர் மற்றவரின் மறைவில் நெருங்குகிறார்கள். தலா 5 நாட் (மணிக்கு 5 கடல் மைல்) வேகத்தில், ஏறத்தாழ செங்கோணத்தில் வரும் இரு படகுகளுக்கு இடையே 35 மீட்டர் இருந்தாலும் 10 விநாடிதான் மிச்சம். ஆகையால் பூமுக்கு அடியில் குனிந்து பார்ப்பது எவ்வளவு அவசியமான பழக்கம் என்று புரியும். மற்றப் படகு தென்படும் திசை மாறாமல் தூரம் மட்டும் குறைந்துகொண்டே வந்தால், அது மோதலுக்கான பாதை.

விதிநூல் 2025–2028 பதிப்பாக இருக்க வேண்டும். பழைய குறிப்புகளை நம்ப வேண்டாம். மிதவையைச் சுற்றும் கேள்விகளில், மிதவையிலிருந்து மூன்று படகு நீளத் தொலைவுள்ள வட்டத்துக்குள் முதலில் நுழைந்தது எது, அந்நேரத்தில் இரண்டும் அக்கம்பக்கமாக இருந்தனவா என்பதைப் படத்தில் குறித்துக்கொண்ட பிறகே, மிதவையைச் சுற்ற இடம் தருவது பற்றிய 18ஆம் விதியை எழுதத் தொடங்குங்கள்.