சென் ஜூ: ஒரு முறை விலகினார், ஒரு முறை பதவியில் நின்றார்

தைவானின் காவோஷியுங் நகரில் ஒரு பெட்ரோகெமிக்கல் ஆலையின் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்த்தேன். சேர்ந்த வாரமே 2014 ஜூலை 31 இரவைப் பற்றிப் பாடம் எடுத்தார்கள். தெருவில் கேஸ் வாடை அடிக்கிறது என்று இரவு ஒன்பது மணிக்கு முன்பே மக்கள் புகார் சொல்லியிருக்கிறார்கள். நள்ளிரவை நெருங்கும்போது சியான்ஜென், லிங்யா பகுதிகளின் சாலைகள் வெடித்துப் பிளந்தன. 32 பேர் இறந்தார்கள். கசிவைத் தேடிப் போன தீயணைப்பு வீரர்களும் அவர்களில் உண்டு.

பாடம் எடுத்தவர் பலகையில் ஒரு வட்டம் வரைந்து, அதைச் சுற்றி ஒரு சதுரம் போட்டார். வட்டம், புரொப்பிலீன் என்ற எளிதில் தீப்பற்றும் வாயு போகும் நான்கு அங்குலக் குழாய். சதுரம், வடிகால். மண்ணில் புதைத்த இரும்புக் குழாய் துருப்பிடிக்காமல் இருக்க மெல்லிய மின்னோட்டம் கொடுத்து வைப்போம். சுற்றிலும் மண் இருந்தால்தான் அது பலிக்கும். வடிகாலுக்குள் அந்தரத்தில் தொங்கும் குழாய்க்கு அந்தக் காப்பு எட்டாது. மேல்பூச்சு பெயர்ந்த இடத்தில் வருடக்கணக்காக ஈரம் பட்டு, சுவர் மெலிந்து ஓட்டை விழுந்தது. அன்றிரவு அனுப்பிய அளவும் வந்து சேர்ந்த அளவும் ஒத்துப்போகாதபோது பம்பை நிறுத்தினார்கள். ஆனால் சற்று நேரத்தில் மறுபடி ஓட்டினார்கள். குழாய் கம்பெனியுடையது, வடிகாலைக் கட்டியது நகர நிர்வாகம்.

அப்போது மேயர் சென் ஜூ. வடிகால் கட்டப்பட்டது அவர் பதவிக்கு வருவதற்குப் பல வருடங்கள் முன்பு. துணை மேயரும் சில உயர் அதிகாரிகளும் ராஜினாமா செய்தார்கள். அவர் செய்யவில்லை. இது சரியா என்ற கேள்வி எனக்குள் ரொம்ப நாள் ஓடிக்கொண்டிருந்தது. ஏனென்றால் ஒன்பது வருடம் முன்பு, இதே ஊரில் நடந்த ஒன்றுக்காக அவர் பதவியை விட்டிருக்கிறார்.

2000-இல் அவர் தேசியத் தொழிலாளர் துறையின் தலைவரானார். வேலையிடத்தில் ஆண், பெண் சமத்துவத்துக்கான சட்டம் 2002 மார்ச் 8 அன்று நடைமுறைக்கு வந்தது அவர் காலத்தில்தான். 2005 ஆகஸ்டில், காவோஷியுங் மெட்ரோ கட்டுமானத்துக்கு வந்திருந்த தாய்லாந்துத் தொழிலாளர்கள் கொதித்தெழுந்து விடுதிக்குத் தீ வைத்தார்கள். செல்போன் வைத்துக்கொள்ளத் தடை, ஓவர்டைம் பணத்தில் குளறுபடி, முகாம் கடையில் மட்டுமே செல்லுபடியாகும் கூப்பன், அடங்காதவர்களுக்கு மின்தடி. சென் ஜூ பொறுப்பேற்றுப் பதவி விலகினார். நானும் அங்கே வெளிநாட்டுத் தொழிலாளிதான். என் போனைப் பிடுங்க யாரும் வந்ததில்லை. கைக்குக் கிடைத்த விசா வேறு, அவ்வளவுதான் வித்தியாசம். அதனால் அந்த ராஜினாமாவை மரியாதையோடு பார்க்கிறேன். அவர் மேற்பார்வையில் இருந்த ஏற்பாடே மனிதர்களை அப்படி நடத்தியிருக்கிறது. அந்த நாற்காலியில் தொடர்ந்து உட்கார அவருக்கு நியாயம் இல்லை.

அடைத்து வைக்கப்படுவது என்னவென்று அவருக்கு நன்றாகவே தெரியும். 1950-இல் யிலான் மாவட்டத்தில் பிறந்தவர். இருபது வயதுக்கு முன்பே எதிரணித் தலைவர் குவோ யூ-சின்னுக்குச் செயலாளராகச் சேர்ந்தவர். 1979 டிசம்பர் 10, மனித உரிமை நாளில், ஃபார்மோசா என்ற எதிரணி இதழைச் சேர்ந்தவர்கள் காவோஷியுங்கில் பேரணி நடத்தினார்கள். அதற்காக ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்ட எட்டுப் பேரில் பெண்கள் இருவர். ஒருவர் பின்னாளில் துணை அதிபரான லூ சியூ-லியன், இன்னொருவர் சென் ஜூ. மரண தண்டனைதான் என்று நினைத்து உயில் எழுதி வைத்தார். பன்னிரண்டு ஆண்டு தண்டனை கிடைத்து, ஆறு ஆண்டுக்கு மேல் சிறையில் இருந்து 1986-இல் வெளியே வந்தார்.

2006-இல் வெறும் 1,114 வாக்கு வித்தியாசத்தில் காவோஷியுங் மேயரானார். 2008-இல் மெட்ரோ ஓடத் தொடங்கியது. சிவப்புப் பாதையும் ஆரஞ்சுப் பாதையும் சந்திக்கும் நிலையத்துக்கு ஃபார்மோசா என்றே பெயர். அந்தப் பேரணி நடந்த இடத்துக்கு அடியில்தான் ரயில் மாறுவேன். வண்ணக் கண்ணாடிக் கூரையைப் படம் எடுக்கும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடக்கும்போது, அந்தப் பாதைக்காக உழைத்த தாய்லாந்துக்காரர்கள் நினைவுக்கு வருவார்கள்.

வெடிப்பைப் பொறுத்தவரை அவர் மேல் எனக்கு ஒரு குறை உண்டு. அப்போது அவர் எட்டாவது வருடமாக மேயர். ஊருக்கு அடியில் எந்தக் குழாயில் என்ன ஓடுகிறது என்று ஒவ்வொரு கம்பெனியிடமும் கேட்டு வாங்க அந்தக் காலம் போதும். வாடை அடித்த அந்த மூன்று மணி நேரத்தில் அந்தத் தகவல் தீயணைப்பு வீரர்கள் கையில் இருந்திருக்க வேண்டும்.

இருந்தாலும் அவர் பதவியில் நின்றது சரி என்றுதான் இப்போது நினைக்கிறேன். அதே வருடம் நவம்பர் தேர்தலில் ஊர்மக்கள் 68 சதவீத வாக்குகளோடு அவரையே திரும்ப அனுப்பினார்கள். அடுத்த வருடம் நிலத்தடித் தொழிற்சாலைக் குழாய்களுக்கென்று நகரமே தனி விதிகள் கொண்டுவந்தது. குழாய் வைத்திருக்கும் கம்பெனி தன் தலைமையகத்தையும் காவோஷியுங்குக்கு மாற்ற வேண்டும் என்றது. கம்பெனிகளுக்கு அது கசந்தது. என் போன்றவர்களுக்கு அதன் அருமை தெரியும். தலைமையகம் தலைநகர் தைப்பேயில் இருந்தால், குழாயின் சுவர் மெலிகிறது என்று நாங்கள் எழுதுவது செலவுக் கணக்கில் ஒரு வரி. கையெழுத்துப் போடுகிறவரின் பிள்ளைகள் அந்தக் குழாய்க்கு மேலே இருக்கும் சாலையில் பள்ளிக்குப் போனால், அந்தக் கடிதம் அன்றைக்கே படிக்கப்படும்.