மணி மோந்து பார்த்த சிற்பங்கள்

திறந்தவெளிச் சிற்பப் பூங்காவுக்கு நாயை அழைத்துச் செல்வதென்றால், வாயிலைத் தாண்டுவதற்கு முன்பே அதைச் சிறுநீர் கழிக்க வைத்துவிட வேண்டும் என்பதை நான் சற்றுத் தாமதமாகவே கற்றுக்கொண்டேன். முதலில் எதிர்ப்பட்ட வெண்கலச் சிற்பத்தை எங்கள் மணி ஒருமுறை சுற்றிவந்து, பீடத்தின் மூலையை நெடுநேரம் மோந்து, பின்னங்காலை மெல்லத் தூக்கியபோது, நான் கயிற்றை வெடுக்கென இழுத்ததில் இருவருமே தடுமாறினோம்.

இது வெறும் மரியாதைக் குறைவு அன்று. வெப்பத்தாலும் வேதிப்பொருள்களாலும் வெண்கலத்தின் மீது உருவாக்கப்படும் நிறப்படலமும், அதன்மேல் பராமரிப்பாளர்கள் அவ்வப்போது பூசும் மெழுகும்தான் அந்த உலோகத்தைக் காக்கின்றன. சிறுநீரின் உப்புகளும், அது சிதையும்போது உண்டாகும் அம்மோனியாவும் அவற்றை அரித்துப் பச்சைத் திட்டுகளை உண்டாக்கிவிடும். வெளிப்புறச் சிற்பங்களுக்குப் பயன்படும் கார்ட்டன் எஃகுக்கும் இதே ஆபத்து உண்டு. அதன் துருவே அதற்குக் கவசம் என்றாலும், உப்பு படிந்த இடத்தில் அந்தத் துரு இறுகிப் படியாது.

பிறகு கயிற்றைக் குட்டையாகப் பிடித்துக்கொண்டு அவன் போக்கிலேயே நடந்தேன். சாய்ந்து படுத்த வடிவிலிருந்த பெரிய வெண்கலத்தின் அடியில் நிழல் தேடி அவன் நுழைந்துகொள்ள, வெளியே இழுப்பதற்காக நானும் மண்டியிட வேண்டியதாயிற்று. அங்கே ஈரச் சருகுகளும், வார்ப்புத் துண்டுகளைப் பற்றவைத்த மெல்லிய தழும்பும், வார்ப்புக்கூடத்தின் முத்திரையும், அதனருகே 3/6 என்ற எண்ணும் இருந்தன. ஒரே அச்சிலிருந்து எடுத்த ஆறு படிகளில் இது மூன்றாவது என்பது அதன் பொருள். நின்றபடி பார்த்திருந்தால் இவற்றில் ஒன்றும் என் கண்ணில் பட்டிருக்காது.

ஆங்கிலேயச் சிற்பி ஹென்றி மூர், 1971-72 இல் உருவாக்கிய ஆட்டுச் சிற்பத்தைத் தம் வீட்டை ஒட்டிய மேய்ச்சல் நிலத்திலேயே நிறுத்தினார்; ஆடுகள் அதில் உரசிக்கொள்ளும், அதன் நிழலில் படுக்கும். 1977 இல் தொடங்கப்பட்ட, இங்கிலாந்தின் யார்க்ஷயர் சிற்பப் பூங்காவிலும் அவருடைய வெண்கலங்களுக்கிடையே ஆடுகள் மேய்கின்றன. நாய்களுக்கும் அங்கே அனுமதி உண்டு, கயிறு கட்டாயம். ஆடு உரசலாம், நாய் காலைத் தூக்கக் கூடாது என்பது மணிக்கு அநியாயமாகத் தோன்றலாம். எனக்கு நியாயமாகவே படுகிறது.

உருவமற்ற வடிவங்களிடம் அவன் காட்டிய நிதானம், ஆளுயர மனிதச் சிலை ஒன்றின் முன் கலைந்துபோனது. தொலைவிலிருந்தே உறுமினான், அருகே போய்க் கையை மோந்தான், மனித வாடை இல்லாததால் குழம்பிப் பின்வாங்கினான். அதைக் கடக்கும்வரை என் காலோடு ஒட்டியே நடந்தவன், இருமுறை திரும்பிப் பார்த்தான்.