முதுகு வலி என்றாலே டிஸ்க் இல்லைங்க

தம்பிக்கு 26 வயதில் இடுப்பு வலி ஆரம்பித்தது; அது முதுகுத்தண்டைப் பிடிக்கிற அங்கிலோசிங் ஸ்பாண்டிலைடிஸ் என்ற வாதம் என்று பின்னால்தான் தெரிந்தது. எலும்பு டாக்டர் டிஸ்க் என்று சொல்லி பெல்ட்டும் வலி மாத்திரையும் எழுதிக் கொடுத்து, ஒரு மாதம் படுத்தே இரு என்றார். படுக்கப் படுக்க வலி கூடியதுதான் மிச்சம். விடியற்காலை 4 மணிக்கு எழுந்து கூடத்தில் நடப்பான், வெந்நீரில் குளித்துக் கொஞ்சம் நடமாடினால் ஆள் சரியாகிவிடுவான். அம்மாவுக்கு முட்டித் தேய்மானம், அங்கே நேர் எதிர்: நடந்தால் வலி, உட்கார்ந்தால் நிம்மதி. முதலில் பார்த்த டாக்டர்களில் ஒருவர்கூட, வலி எப்போது கூடுகிறது, எதில் குறைகிறது என்று கேட்கவில்லை, அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் தீரவில்லை.

ஆர்.ஏ. ஃபேக்டர் நெகட்டிவ், அதனால் வாதம் இல்லை என்றும் அனுப்பி வைத்தார்கள். இரண்டு கையிலும் விரல் மூட்டும் மணிக்கட்டும் வீங்குகிற முடக்குவாதத்துக்குப் பார்க்கிற டெஸ்ட் அது; தம்பிக்கு வந்த அங்கிலோசிங் ஸ்பாண்டிலைடிஸில் பெரும்பாலும் நெகட்டிவாகத்தான் வரும். சித்தப்பா வேறு யூரிக் ஆசிட் என்று பருப்பை நிறுத்தச் சொன்னார். யூரிக் ஆசிட்டால் வரும் கவுட் பொதுவாகக் கால் பெருவிரலில், ராத்திரியோடு ராத்திரியாக வீங்கும் சித்தப்பா!

கடைசியில் கண்டுபிடித்தது கண் டாக்டர். ஒரு கண் சிவந்து வெளிச்சமே பார்க்க முடியவில்லை என்று போனோம். யுவைடிஸ் (கண்ணுக்குள் வரும் அழற்சி, இந்த வாதத்தோடும் வருவதுண்டு) என்றவர், "தம்பி, காலையில எந்திரிக்கும்போது இடுப்பு இறுகிக்கிட்டு இருக்குமா?" என்று கேட்டு, அன்றைக்கே ருமட்டாலஜிக்கு, அதாவது வாத நோய்ப் பிரிவுக்கு, எழுதிக் கொடுத்தார்.

அங்கே முதுகுத்தண்டின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு சேருகிற எஸ்.ஐ. மூட்டுக்கு எம்.ஆர்.ஐ. எழுதினார்கள். ஸ்கேன் சென்டரில் முதுகு வலிதானே என்று லம்பார் ஸ்பைனுக்கு (கீழ் முதுகுத்தண்டுக்கு) பில் போட்டு, அதையே எடுத்தும் விட்டார்கள். ரிப்போர்ட்டோடு போய் டாக்டர் முன்னால் அசடு வழிந்ததுதான் பலன். சீட்டை மேஜையில் வைத்துச் சண்டை போட்டதில் மறுபடி காசில்லாமல் எடுத்துக் கொடுத்தார்கள். உள்ளே போகும் முன் பில்லில் எந்த இடம் போட்டிருக்கிறது என்று படித்துவிடுங்கள். எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது என்று ஏமாறவும் வேண்டாம், அதில் தெரிய வருஷக்கணக்காகும். இந்த நோய்க்காக ரத்தத்தில் பார்க்கிற மரபணு டெஸ்டான எச்.எல்.ஏ. பி27 பாசிட்டிவ் வந்தவர்களில் பெரும்பாலோருக்கு இந்த நோய் வருவதே இல்லை, அதனால் அது மட்டும் போதாது.

மாத்திரையும் உடற்பயிற்சியும் போதாமல் நோய் எதிர்ப்பு சக்தியை அடக்குகிற பயாலஜிக் ஊசி என்று முடிவானால், அதற்கு முன் டிபி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அது கையில் ஊசி போட்டுப் பார்க்கிற மான்டூ டெஸ்ட் என்றால் 48 முதல் 72 மணி நேரத்துக்குள் கையைக் காட்ட வேண்டும், வியாழன், வெள்ளியில் போட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை பூட்டிய லேப் வாசலில் நிற்காதீர்கள்.