பூட்டானுக்கு ஜோடியாகப் போய் வந்தோம்

நானும் என் இணையரும் ஆண்கள். பூட்டான் என்று முடிவானதும் முதலில் பார்த்தது சட்டத்தைத்தான். தண்டனைச் சட்டத்தில் ஒருபால் உறவைத் தண்டிக்க இடம் கொடுத்த 213, 214ஆம் பிரிவுகளைத் திருத்த அந்நாட்டு நாடாளுமன்றம் 2020 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. 2021 பிப்ரவரியில் அரசர் கையெழுத்திட்டார். சரி, குற்றம் இல்லை. ஆனால் ஒருபால் திருமணத்துக்கு அங்கீகாரமும் இல்லை. அதனால் பயணக் காப்பீட்டில் அவசரத் தொடர்புக்கு அவர் பெயரை நானும் என் பெயரை அவரும் கொடுத்தோம்.

அனுமதி வாங்குவது சுலபம். இந்தியர்களுக்குப் பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை போதும், ஆதார் செல்லாது. தலைக்கு இரவொன்றுக்கு 1,200 ரூபாய் கட்டணம். புன்ட்ஷோலிங் எல்லையில் கைரேகை, போட்டோ எடுத்தார்கள். நீங்கள் ஒருவருக்கொருவர் என்ன உறவு என்று யாரும் கேட்கவில்லை.

உண்மையில் யோசிக்க வேண்டிய ஆள் வழிகாட்டி. காலையிலிருந்து இரவுவரை ஒரே வண்டியில் கூடவே வருபவர் அவர். அவரிடம் நாள் முழுக்க நண்பர்களாக நடித்துக்கொண்டிருந்தால் அப்புறம் என்ன சுற்றுலா? அதனால் ஏஜென்ட்டுகளுக்கு எழுதும்போதே, "நாங்கள் ஜோடி, ஒரே கட்டில் வேண்டும், இது தெரிந்து சம்மதிக்கும் வழிகாட்டி வேண்டும்" என்று எழுதிவிட்டோம். ஒருவர் அதோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். வருத்தமாக இருந்தது, ஆனால் வீட்டில் இருக்கும்போதே தெரிந்தது நல்லதுதான். இன்னொருவர், "ஓட்டல்களிடம் நான் பேசிவிடுகிறேன்" என்று மறுநாளே பதில் போட்டார். அவரிடமே பணம் கட்டினோம்.

அந்த மெயிலின் பலன் புனாக்காவில் தெரிந்தது. ஓட்டல் வரவேற்பில் இருந்தவர் இரண்டு தனித்தனிக் கட்டில் போட்ட அறையின் சாவியை நீட்டினார். நாங்கள் வாய் திறக்கும் முன் வழிகாட்டி அவரிடம் அந்நாட்டு மொழியான ஜோங்காவில் ஏதோ சொன்னார். சாவி மாறியது, அவ்வளவுதான். டோச்சுலா கணவாயில் 108 சோர்ட்டன்களுக்கு (பௌத்த ஸ்தூபிகளுக்கு) நடுவே நிற்கவைத்து, "இன்னும் பக்கத்தில் நில்லுங்கள்" என்று படம் எடுத்தவரும் அவரே. 2022இல் மிஸ் பூட்டான் ஆன தாஷி சோடென் தன்னை லெஸ்பியன் என்று வெளிப்படையாகச் சொன்னவர். வண்டியில் அவரைப் பற்றிப் பேச்சு வந்தபோது வழிகாட்டியின் குரலில் பெருமை தெரிந்தது.

சிமி லாகாங் கோவில் பக்கத்து வீட்டுச் சுவர்களில் ஆண்குறி ஓவியங்களைப் பார்த்துவிட்டு, இங்கே எதற்கும் கூச்சமில்லை என்று நினைத்துவிட வேண்டாம். அது காவலுக்காக வரையும் மங்கலச் சின்னம். பொது இடத்தில் கட்டிக்கொள்வதும் முத்தமிடுவதும் ஆண்-பெண் ஜோடிகளிடம்கூட எங்கள் கண்ணில் படவில்லை. நாங்களும் அப்படியே இருந்தோம். ஜோங் எனப்படும் கோட்டை மடாலயத்துக்குள் கை கால் மூடிய உடை வேண்டும், தலையில் தொப்பி கூடாது.

கே பார்களைத் தேடிப் போகிறவர்களுக்கு இது ஏற்ற ஊர் இல்லை. மலை, மடாலயம், நடை, மாலையில் அறைக்குத் திரும்பினால் ஒரே கட்டில் என்றால் தாராளமாகப் போகலாம். பணம் கட்டும் முன் அந்த மெயிலை மட்டும் அனுப்பிவிடுங்கள். பதில் எழுத்தில் வரட்டும்.