அப்பாருக்கு நினைவு மலர் போடுகிறவர்களுக்கு

எண்பது, தொண்ணூறு கண்டு, பேரன் பேத்தி நெய்ப்பந்தம் பிடிக்கப் போய்ச் சேர்ந்தவர்களுக்குக் கருமாதி அன்று நினைவு மலர் போடுகிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் கைக்கு வருகிற மலர்களில் பாதி, பேரை மட்டும் மாற்றினால் வேறு எந்த அப்பாருக்கும் (தாத்தாவுக்கும்) பொருந்தும். "பாசத்தின் சிகரம், பண்பின் இமயம்" என்று இருக்கும். எந்தக் கிணற்றில் இறைத்தார், எந்தச் சந்தைக்கு மாடு ஓட்டிப் போனார் என்று ஒரு வரி இருக்காது. அந்த வரிகளைப் பிடிப்பது எப்படி என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. கருமாதிக்குள் முடியாவிட்டால் வருஷத் தெவசத்துக்குப் போடுங்கள். அவசரத்தில் அச்சான தப்பு அத்தனை சொந்தக்காரர் வீட்டிலும் உட்கார்ந்திருக்கும்.

முதலில் வயதை நேராக்க வேண்டும். ஆதாரில் ஜனவரி 1 என்று இருந்தால், அது பெரும்பாலும் யாரோ குத்துமதிப்பாகப் போட்டது. பள்ளிக்கூடச் சான்றிதழையும் முழுதாக நம்ப முடியாது. தலைக்கு மேலே கையை வளைத்து எதிர்ப்பக்கக் காதைத் தொட்டால் ஐந்து வயது என்று சேர்த்துக்கொண்ட காலம் அது. ஜாதகம் இருந்தால் அதுதான் கணக்கு. அதிலும் ஒரு குழி இருக்கிறது. ஈஸ்வர வருஷம் என்றால் 1937 என்று எழுதிவிடுவார்கள். தமிழ் வருஷம் ஏப்ரல் நடுவில் பிறக்கிறது. ஆகவே ஈஸ்வர வருஷம் மாசி மாதம் என்பது 1938 பிப்ரவரி, மார்ச். தை, மாசி, பங்குனியில் பிறந்தவர்களுக்கெல்லாம் இங்கேதான் ஒரு வருஷம் சறுக்கும்.

ஜாதகம் கரையான் தின்றுவிட்டதா? அறுபதாங்கல்யாணப் பத்திரிகையைத் தேடுங்கள். அறுபது முடிந்து செய்திருந்தால் பத்திரிகையில் இருக்கிற வருஷப் பேரும் பிறந்த வருஷப் பேரும் ஒன்றே. ஈஸ்வரவில் பிறந்தவருக்கு 1997-98இல் மறுபடி ஈஸ்வர வந்தது. 59 முடிந்ததுமே செய்த வீடுகளும் உண்டு. அப்படியானால் பத்திரிகையில் இருப்பது பிறந்த வருஷத்துக்கு முந்தின பேர். "தாது வருஷத்துல பொறந்தவரு" என்று யாராவது சொன்னால் 1936-37. ஆனால் அதே வாயால் "தாது வருஷப் பஞ்சம்" என்றால் அது 1876இல் தொடங்கியது, அப்பாருக்கும் அப்பாரு காலத்துக் கதை. இரண்டையும் ஒரே பத்தியில் குழப்பி எழுதிவிடாதீர்கள்.

எதுவுமே இல்லையென்றால் ஊர் நடப்பை வைத்துக் கேட்க வேண்டும். பவானிசாகர் அணை முடிந்தபோது (1955) மீசை முளைத்துவிட்டதா? நயா பைசா வந்தபோது (1957) கல்யாணம் ஆகிவிட்டதா? கோவையில் மாட்டுவண்டிகளை நிறுத்தி விவசாயிகள் போராடினார்களே (1972), அப்போது மூத்த பையன் எந்த வகுப்பு? இப்படி நாலு கேள்வியில் இரண்டு வருஷ வித்தியாசத்துக்குள் வந்துவிடலாம். இன்னொன்று: ஊரில் சொல்கிற வயது நடப்பு வயது. 88 முடிந்து 89 நடந்தால் 89 என்பார்கள், போஸ்டர் அடிக்கிறவர் அதை 90 ஆக்கிவிடுவார்.

வயதுக்கு அடுத்து மொய் நோட்டு. இதைப் பழைய பேப்பர்க்காரனுக்குப் போடுவது போன்ற பாவம் வேறில்லை. தேதி, ஊர்ப்பேர், யார் வந்தார்கள், எவ்வளவு வைத்தார்கள் என்று எல்லாம் ஒரே இடத்தில் கிடக்கும். அத்தையின் எழுதிங்கள் சீருக்கு (கல்யாணமான பெண்ணுக்குச் செய்யும் சடங்கு) வந்த மொய்யில் இருக்கிற ஊர்களை வரிசையாக எழுதினாலே அப்பாருக்கு எந்தத் திசையில் பழக்கம் இருந்தது என்று தெரிந்துவிடும். பக்கத்தில் தேதி இல்லாமல் ரூபாய், அணாவில் கணக்கு இருந்தால் 1957க்கு முந்தையது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் நயா பைசா வந்த பிறகும் பழக்கத்தில் அணாவிலேயே எழுதியவர்கள் இருந்தார்கள். அணாவை மட்டும் வைத்து வருஷம் முடிவு செய்ய வேண்டாம்.

பத்திரம் பார்ப்பவர்களுக்கு: மூத்த பேரனுக்கு அப்பாரு பேர் வைக்கிற வழக்கத்தால் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை அதே பேர் வரும். நாச்சிமுத்து மகன் பழனிச்சாமி, பழனிச்சாமி மகன் நாச்சிமுத்து என்று போகும். தகப்பன் பேரையும் வருஷத்தையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் அப்பாருக்கும் அப்பாரு வாங்கிய காட்டை அப்பாரு வாங்கினதாக எழுதிவிடுவீர்கள். இணையத்தில் வில்லங்கம் பெரும்பாலும் 1975இலிருந்துதான் கிடைக்கும்; அதற்கு முந்தையதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக்கொடுத்துத் தேட வேண்டும். வள்ளம் என்கிற பழைய நில அளவில் யாராவது சொன்னால் அதைச் சொன்னபடியே எழுதிவிட்டு, பட்டாவைப் பார்த்து ஏக்கரையும் போடுங்கள். பட்டாவில் 0.40.50 ஹெக்டேர் என்பது ஒரு ஏக்கர்.

இனி ஆட்களிடம் கேட்பது. "அப்பாரு எப்படிப்பட்டவருங்க?" என்று கேட்டால் "தங்கமான மனுசன்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பொருளை வைத்துக் கேட்க வேண்டும். கவலை என்பது மாடு பூட்டிக் கிணற்றில் தண்ணீர் இறைப்பது. "கவலை ஓட்டறப்ப எந்த மாடு வலத்துல, எந்த மாடு இடத்துல?" என்று கேட்டுப் பாருங்கள். மாட்டின் பேர், அதைக் கண்ணபுரத்துத் தாவணியில் (மாட்டுச் சந்தையில்) பிடித்த வருஷம், கூடப் போன பங்காளி எல்லாம் தானாக வரும். முடிந்தால் கிணற்று மேட்டுக்கே கூட்டிப் போங்கள். மாடு இறங்கிய வாரிச் சரிவைப் பார்த்ததும் சால் (தண்ணீர் மொள்ளும் பாத்திரம்) எங்கே கவிழும், வடக்கயிற்றில் ஆள் எப்படி உட்காருவான், தும்பியின் (சாலின் அடியில் இருக்கும் தோல் குழாயின்) வாயைத் திறக்க வால்கயிற்றை எப்போது விட வேண்டும் என்று கையை நீட்டிக் காட்டுவார்கள். வால்கயிறு பிந்தினால் தண்ணீர் வாய்க்காலில் விழாமல் கிணற்றுக்கே திரும்பிவிடும் என்பது போன்ற சங்கதி எழவு வீட்டுப் பந்தலில் கிடைக்காது. காலைச் சோற்றுக்குப் பிறகு போவது நல்லது. மத்தியானம் பெரியவர்கள் அசந்துவிடுவார்கள். போனில் பதிவு செய்தால் ஏரோபிளேன் மோடில் போடுங்கள். அழைப்பு வந்தால் பல போன்களில் பதிவு நின்றுபோகும். ஃபேனையும் டிவியையும் நிறுத்தச் சொல்லுங்கள், போன் அவருக்கு ஒரு முழத்துக்குள் இருக்கட்டும்.

போட்டோ விஷயம். கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட பழைய ஸ்டுடியோ படத்தைப் பிரிக்க வேண்டாம். முகத்தின் பூச்சு கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேனரில் 600 டிபிஐயில் எடுங்கள். பசை ஆல்பத்தில் இருப்பதைப் பல் இடுக்கில் விடும் நூலைப் பின்னால் விட்டு மெதுவாக அறுத்து எடுக்கலாம். படத்தின் பின்பக்கம் பால்பாயின்ட் பேனாவால் எழுதினால் முன்பக்கம் தடம் விழும், மை ஊறும். மெல்லிய பென்சில் போதும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பாமல் டாகுமென்டாக அனுப்புங்கள். பந்தலில் வைக்க 12க்கு 18 அங்குலப் படம் போடுவதானால் 2400க்கு 3600 பிக்சலாவது வேண்டும். கோட்டு சூட்டு மாட்டிவிடட்டுமா என்று ஸ்டுடியோக்காரர் கேட்பார். வேண்டாம் என்று சொல்லுங்கள். தோளில் துண்டு போட்டவர் துண்டோடு இருக்கட்டும்.

அச்சுக்கு ஏ5 அளவில் 16 பக்கம் சரியாக வரும். நடுவில் பின் அடிக்கிற புத்தகத்துக்குப் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். யூனிகோடில் தட்டியதை அச்சகத்தில் பாமினி என்கிற பழைய எழுத்துருவுக்கு மாற்றினால் கொம்பும் துணைக்காலும் இடம் மாறும், ஸ்ரீ காணாமல் போகும். எழுத்துரு உள்ளடங்கிய பிடிஎஃப் கொடுத்து, தாளில் ஒரு படி எடுத்துப் படித்த பிறகே ஓட்டச் சொல்லுங்கள்.

வாரிசுப் பட்டியலை மட்டும் மூத்த அத்தையிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். மகள் வழிப் பேரன்களில் ஒருவன் பேர் விட்டுப்போனால் அடுத்த பொங்கல் வரை பேச்சுவார்த்தை இருக்காது. பின்னட்டையில் ஒரு போன் நம்பர் போட்டு "திருத்தம் இருந்தால் சொல்லவும்" என்று அச்சடித்துவிட்டால், மலர் கையில் கிடைத்த வாரத்திலேயே நாலைந்து பேர் கூப்பிடுவார்கள். அதில் ஒருவராவது அப்பாருவோடு மாடு மேய்த்தவராக இருப்பார். அவர் பேச்சையும் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள்.