அளவு பார்ப்பதற்கு முன்

கிருஷ்ணகிரிக்கும் பர்கூருக்கும் இடையில் உள்ள ஒரு மாங்கூழ் ஆலையின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் 14 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். மற்ற மாதங்களில் அமைதியாக நகரும் இந்த வேலை, மே மாதக் கடைசியில் தொடங்கி ஜூலை முடியும் வரை ஆளை மென்று துப்பிவிடும். போச்சம்பள்ளி, சந்தூர், காவேரிப்பட்டணம், மத்தூர்ப் பக்கங்களிலிருந்து பெங்களூரா மாங்காய் ஏற்றி வரும் டிராக்டர்களும் லாரிகளும் எடைமேடையிலிருந்து சாலை வரை வரிசை கட்டி நிற்க, எந்த வண்டி உள்ளே வரலாம், எது திரும்பிப் போக வேண்டும் என்று சொல்லும் பொறுப்பு என்னுடையது. நான் வேண்டாம் என்று சொல்லும் ஒவ்வொரு வண்டிக்குப் பின்னாலும் ஓர் ஆண்டின் உழைப்பு நிற்கிறது என்பது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் பல ஆண்டுகள் அதைப் பார்க்காமலே வேலை செய்திருக்கிறேன்.

எங்கள் வேலையின் முக்கியக் கருவி ரிஃப்ராக்டோமீட்டர். கூழில் ஒரு சொட்டை அதன் கண்ணாடிப் பட்டகத்தின் மேல் வைத்து மூடி, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துப் பார்த்தால், ஒளியும் நிழலும் பிரிகிற கோடு எந்த எண்ணில் நிற்கிறதோ அதுதான் பிரிக்ஸ். 100 கிராம் கூழில் ஏறக்குறைய எத்தனை கிராம் சர்க்கரை கரைந்திருக்கிறது என்பதை அது காட்டும். பெங்களூரா கூழில் அது 14க்குக் குறையக் கூடாது. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் முதல் நாளே இரண்டு விஷயங்கள் சொல்லிக்கொடுப்பேன். ஒன்று, காய்ச்சி வடித்த நீரை வைத்துப் பூஜ்ஜியம் சரியாக நிற்கிறதா என்று பார்த்த பிறகே கூழை வைக்க வேண்டும். மற்றொன்று, சூடான கூழை வைக்கக் கூடாது. கருவியின் அளவுகோல் 20 டிகிரி செல்சியஸுக்காகக் குறிக்கப்பட்டது என்பதால், சூடு ஏற ஏற அது உள்ளதைவிடக் குறைத்துக் காட்டும். ஆண்டுதோறும் இதை ஒப்பித்த நான், அந்த விதி எனக்கும் பொருந்தும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

சில பருவங்களுக்கு முன் ஒரு பிற்பகலில், முந்தைய இரவு முழுவதும் கொதிகலன் பழுதால் தூங்காமல் நின்றிருந்த எனக்கு முன் ஒரு டிராக்டர் வந்து நின்றது. மேலே இருந்த நாலைந்து காய்களை அறுத்தேன். சதை வெளுத்திருந்தது, அதாவது முற்றாத காய். வண்டியைத் திருப்பச் சொன்னேன். என் தந்தையின் வயது இருக்கும் அந்த விவசாயி, "அடியில இருக்கிறதையும் ஒருக்கா பாருங்க சார்" என்று இரண்டு முறை கேட்டார். மூன்றாவது முறை கேட்டபோது, பத்துப் பேர் முன்னிலையில், இங்கே எழுத முடியாத ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டேன். அவர் பதில் பேசவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டார். அடியில் என்ன காய் இருந்தது என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்தப் பருவம் முடிந்ததும் ரத்த அழுத்தத்துக்காகப் பார்த்த மருத்துவர், மாத்திரையை எழுதிவிட்டு, தினமும் கொஞ்ச நேரம் சும்மா உட்காருங்கள் என்றார். எப்படிச் சும்மா உட்காருவது என்பதைச் சொல்லிக்கொடுத்தவர், எங்கள் தெருவில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவர் பத்து நாள் விபாசனா தியான முகாமுக்குப் போய் வந்தவர். மூச்சை அடக்கவோ இழுத்து நிறுத்தவோ வேண்டாம், மூக்கு நுனியில் அது வந்து போவதைக் கவனித்தால் போதும், மனம் ஓடினால் ஓடியது என்று தெரிந்துகொண்டு திரும்ப வாருங்கள் என்றார். பௌத்த மரபில் ஆனாபானசதி என்று வழங்கும் இந்தப் பழைய பயிற்சியைத்தான், 1979இல் ஜான் கபட்-ஜின் என்பவர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில், நாள்பட்ட வலியோடு வாழ்ந்த நோயாளிகளுக்காக, சமயச் சாயல் இல்லாத எட்டு வாரப் பயிற்சியாக அமைத்தார் என்பதையும் அவர் வழியாகவே அறிந்தேன்.

விடியற்காலை நாலே முக்காலுக்கு, பதினைந்து நிமிடம். முதல் ஒன்றரை மாதத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை: கால் மரத்தது, தூக்கம் வந்தது, வங்கித் தவணை நினைவுக்கு வந்தது. அமைதி என்று பலரும் சொல்லும் ஒன்று எனக்கு அப்போதும் கிடைக்கவில்லை, இப்போதும் எப்போதாவதுதான் கிடைக்கிறது. ஆனால் ஒரு நாள் உட்கார்ந்திருந்தபோது அந்த டிராக்டர் நினைவுக்கு வந்தது. வழக்கமாக அந்த நினைவு வந்தால் உடனே எனக்கு நானே வாதாடத் தொடங்கிவிடுவேன். அன்று, வாதம் தொடங்குவதற்குச் சற்று முன் நெஞ்சுக்குழியில் ஒரு சூடு எழுவதைத் தனியாகப் பார்த்தேன். அந்தப் பிற்பகலிலும் அதே சூடுதான் முதலில் வந்தது, வார்த்தை அதற்குப் பின்னால்தான் வந்தது என்பது விளங்கியது. சூடான கூழை வைத்து அளவு பார்த்திருக்கிறேன்.

தலைமையாசிரியர் சொன்ன இன்னொரு பயிற்சியையும் குறிப்பிட வேண்டும். அந்த எட்டு வாரப் பயிற்சியில் முதலில் ஓர் உலர்ந்த திராட்சையைக் கையில் கொடுத்து, பார்த்து, தொட்டு, முகர்ந்து, மெல்ல மென்று தின்னச் சொல்வார்களாம். திராட்சைக்கு நான் எங்கே போவேன்? ஆய்வகத்தில் ஒரு மாம்பழப் பத்தையை எடுத்துக்கொண்டேன். பருவத்தில் ஒரு நாளைக்குப் பல பத்து மாதிரிகளை நாக்கில் வைத்துப் பார்த்து, சுவை, மணம், நிறம் என்ற மூன்று கட்டங்களிலும் சரிக்குறி போடுகிறவன் நான். அன்றுதான் பெங்களூராவின் இனிப்புக்கு முன்னால் மெல்லிய புளிப்பு ஒன்று வருவதையும், விழுங்கிய பிறகும் அடிநாக்கில் ஒரு துவர்ப்பு நிற்பதையும் கவனித்தேன். இத்தனை ஆண்டுகள் நான் போட்ட சரிக்குறிகளில் எத்தனை சுவைத்துப் போட்டவை என்று எண்ணியபோது சற்று வெட்கமாகவே இருந்தது.

அடுத்த பருவத்தில் வாசலில் நான் செய்த மாற்றம் சிறியது. கத்தியைக் காயில் வைப்பதற்கு முன் ஒரு மூச்சு, முழுதாக உள்ளே போய் வெளியே வரும் வரை. அவ்வளவுதான். அந்த ஒரு மூச்சு நேரத்தில், நான் ஏற்கெனவே கோபமாக இருக்கிறேனா, பசியாக இருக்கிறேனா, முந்தைய வண்டிக்காரரின் பேச்சை இந்த வண்டியின் மேல் இறக்கப் போகிறேனா என்பது தெரிந்துவிடும். தெரிந்தவுடன் அது மறைந்துவிடாது. ஆனால் அடித்தட்டுக் காயையும் அறுக்க வைக்கும். அப்படி அறுத்ததில், முழுதாகத் திருப்பியிருக்கக்கூடிய சில வண்டிகளில் பாதிக்கு மேல் எடுத்துக்கொள்ள முடிந்திருக்கிறது. நேர்மாறாகவும் நடந்திருக்கிறது. மேலே நல்ல காயை அடுக்கி அடியில் பிஞ்சை நிரப்பி வரும் ஒரு வியாபாரியை, இனிமையாகப் பேசுகிறவர் என்பதற்காகவே பல ஆண்டுகள் விட்டிருந்தேன் என்பதும் அப்போதுதான் கண்ணில் பட்டது. அவர் இப்போது என்னோடு பேசுவதில்லை.

இதை எழுதும்போதே ஒரு தயக்கமும் இருக்கிறது. தியானத்தின் பெயரைச் சொல்லி ஆட்களைப் பன்னிரண்டு மணி நேரம் நிறுத்திவைக்கும் நிர்வாகங்கள் உண்டு. எங்களுக்கும் ஒரு முறை, மூன்றாவது ஷிஃப்டுக்கு ஆள் கேட்டபோது ஆளுக்குப் பதிலாக ஒரு மணி நேர மன அமைதி வகுப்பு வந்தது. பாதிப் பேர் அதில் தூங்கினார்கள்; அவர்களுக்குத் தேவைப்பட்டதும் தூக்கம்தான். மூச்சைக் கவனிப்பதால் மாங்காய் விலை ஏறாது, வெயிலில் ஐந்து மணி நேரம் நிற்கும் டிராக்டருக்கு நிழலும் வராது. அந்த வரிசை எவ்வளவு நீளம் என்பதை நிமிர்ந்து பார்த்ததால், வாசலில் ஒரு தகரப் பந்தலும் தண்ணீர்த் தொட்டியும் வேண்டும் என்று எழுதிக் கேட்டேன். பந்தல் வந்தது. தொட்டிக்கு இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பருவம் முழுவதும் மாங்கூழின் வாடையிலேயே கிடப்பதால், நான் வீட்டில் மாம்பழம் தொட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. போன ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் மனைவி செந்தூரா நறுக்கிப் பிள்ளைகளுக்கு வைத்துவிட்டு, வழக்கம்போல் என்னைக் கேட்காமலே தட்டை எடுத்துக்கொண்டு போனார். கூப்பிட்டு ஒரு பத்தை கேட்டேன். பெரியவள் என்னை வியப்பாகப் பார்த்துவிட்டு, கொட்டை மட்டும் தனக்கு என்றாள்.